யாருக்கு மறதி

சமூகப்பணி படிக்க ஏன் வந்தாய் என்று கல்லூரியில் கேட்டபோது சேவை மனப்பான்மை என்று சொன்னேன். உண்மையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே ஒரகடம் வந்து, கார்களுக்கு வயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள் நான். பலகையின் மேல் வயர்களை வரிசையாகப் பரப்பி, டேப் சுற்றி, அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். நாமும் அதோடு நகர வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே இருப்பது என்னுடையதுதானா என்று குனிந்து பார்க்கத் தோன்றும்.

வேலையை விட முடியாததால் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு போக, வாரத்தில் ஒரு நாள் களப்பணி. வீக்லி ஆஃப் இருந்தால் அன்றைக்கு. இல்லாவிட்டால் சி ஷிப்ட், அதாவது ராத்திரி ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு அப்படியே கிளம்ப வேண்டும். முதியோருக்காக வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் உடன் இல்லாத வயதானவர்களை வீட்டில் போய்ப் பார்த்துப் பேச வேண்டும். அங்கே எனக்கு மேற்பார்வையாக இருந்த மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: அறிவுரை சொல்லாதே, முக்கியமாக எதையும் செய்து தருவதாக வாக்குக் கொடுக்காதே, அவர்கள் பேசட்டும். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பேசவே தெம்பில்லாத நாட்கள் அவை.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவும் தம்பியும். அக்காவுக்கு எழுபது தாண்டியிருந்தது, விதவை, பிள்ளை கிடையாது. தம்பி அவரைவிடச் சில வயது இளையவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். கண்டெய்னர் யார்டு ஒன்றில் வாட்ச்மேனாக இருந்து சென்ற வருடம்தான் நின்றிருந்தார். இரண்டு அறை, ஷீட் போட்ட கூரை, வாசல் கதவுக்கு மேல் மாதா படம். இருபுறமும் வடமாநிலப் பையன்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய வரிசை அறைகள். ரோட்டில் டிரெய்லர் போனால் வீட்டுக்குள் பாத்திரம் அதிரும், அது போகிற வரைக்கும் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

முதல் தடவை போனபோது எல்லாக் கேள்விக்கும் அக்காதான் பதில் சொன்னார். தம்பி இன்ன மாத்திரை சாப்பிடுகிறான், இன்ன நேரத்துக்குத் தூங்குகிறான், இதெல்லாம் அவனுக்கு ஒத்துக்காது. நல்ல சுறுசுறுப்பு. தலை வாரி, பொட்டில்லாத நெற்றியைத் துடைத்து, மடிப்புக் கலையாத சேலை. தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண்கள் செருகிச் செருகித் திறந்தன. லைனில் கடைசி மணி நேரத்தில் என் பக்கத்தில் நிற்பவளின் முகம் அப்படித்தான் இருக்கும்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைப் பின்பக்கம் தண்ணீர் டிரம் அருகே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பிக்கு ஞாபகம் தப்பிப் போவுதும்மா. அடுப்புல கொழம்பு கொதிச்சிகினு இருக்கும், வந்து கேஸை நிறுத்திட்டுப் போயிடுவான். உப்பு டப்பாவை எங்கியோ வெச்சிடுவான். இன்னாடான்னு கேட்டா முழிக்கிறான். என்னை விட்டா அவனுக்கு ஆருமில்ல."

அதை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆவடியில் இருக்கும் அண்ணன் மகன் மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறான், நல்ல பையன்தான். ஆனால் இது தெரிந்தால் தம்பியைக் கொண்டுபோய் எங்காவது இல்லத்தில் சேர்த்துவிடுவான் என்று பயந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மேடத்திடம் வந்து தம்பிக்கு மறதி நோய் போலத் தெரிகிறது என்று சொன்னேன். அடுத்த முறை நினைவுச் சோதனை ஒன்று செய்து பார்க்கச் சொன்னார். வகுப்பில் சொல்லித் தந்ததுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்து, சிறிது நேரம் கழித்து அந்த வார்த்தைகளைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை போனது சி ஷிப்ட் முடிந்த காலையில். அதற்கு முந்தைய வாரம் ஓவர்டைமும் பார்த்திருந்தேன். அக்காவும் தம்பியும் எதிரே உட்கார்ந்தார்கள். தம்பியிடம் மூன்று வார்த்தைகளைச் சொன்னேன். பிறகு யார்டு வேலையைப் பற்றிக் கேட்டேன். ஏன் வேலையை விட்டீர்கள் என்றதற்கு அவர் வாய் திறக்கும் முன்பே அக்கா, "ஞாபகம் இல்லாதவன் எப்படிம்மா கேட்டுல நிக்கறது" என்றார். அவரும் ஆமாம் என்று சிரித்தார். பிறகு நான் அந்த வார்த்தைகளைக் கேட்டேன். அவர் மேலே ஷீட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தெரியவில்லை என்று கையை விரித்தார். அக்கா என்னைப் பார்த்து, நான் சொன்னேனா இல்லையா என்பதுபோலத் தலையாட்டிவிட்டு டீ போட எழுந்து போனார்.

சரியான பதிலை நான் எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. நானே யோசித்து, நானே வாயால் சொன்ன வார்த்தைகள். தலைக்குள் வெறும் இரைச்சல். பேப்பரைப் புரட்டினேன், எழுதி வைக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"சாவி, முருங்கக்கா, குதிர."

நான் சிரித்து நன்றி சொன்னேன். சிலருக்குத் தாமதமாக நினைவு வரும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு அசதியில் அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. டீயைக் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் படுத்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் அந்த அம்மாவை வீட்டில் அல்ல, ரோட்டில் பார்த்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, கம்பெனி பஸ்கள் நிற்கும் வளைவில், பட்டு பார்டர் வைத்த சேலையில், கையில் ஒரு ஒயர் கூடையுடன் நின்றிருந்தார். கண்டெய்னர் லாரிகள் அவரை உரசுவதுபோலப் போய்க்கொண்டிருந்தன. எங்கேயோ விசேஷத்துக்குக் கிளம்பியிருக்கிறார் என்று நினைத்து அருகில் போய்ச் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடையாளமே இல்லை. மரியாதையாகக் கேட்டார்.

"செம்பரம்பாக்கம் பஸ் இங்க நிக்குமாம்மா? வூட்டுக்காரர் பாத்துகினு இருப்பாரு."

செம்பரம்பாக்கம் அவர் வாழ்க்கைப்பட்ட ஊர். கணவர் இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறதென்று அவரே என்னிடம் முதல் நாள் சொல்லியிருந்தார். கூடைக்குள் பார்த்தேன். ஒரு தம்ளரும் கொஞ்சம் புளியும் இருந்தன. பஸ் இப்போது வராது, வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கலாம் என்று சொல்லிக் கையைப் பிடித்தேன். பிடிவாதம் செய்யாமல் கூட வந்தார். வழியெல்லாம், நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

தம்பி சர்ச் வரைக்கும் தேடிப் போய்விட்டு, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டபடி எதிரே ஓடி வந்தார். அக்காவைப் பார்த்ததும் நின்றார். திட்டவில்லை. "தோ, நானு உன்ன கேக்காம கடைக்குப் போயிட்டேன், தேடினியாக்கா?" என்றார். அக்காவின் முகம் மெல்லத் தெளிந்தது. "சொல்லிட்டுப் போமாட்டியா? உன்னோட இதே ரோதனை" என்று அவரைக் கடிந்துகொண்டே உள்ளே போனார். அவரை உட்கார வைத்து முகம் கழுவத் தண்ணீர் தந்துவிட்டு, தம்பி வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாற்றிப் போட்ட பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டார். எனக்கு அப்போதுதான் சாவியும் முருங்கைக்காயும் குதிரையும் உறைத்தன.

அவராகவே சொன்னார். சென்ற வருடம் ஒரு நாள் அவர் யார்டிலிருந்து திரும்பி வந்தபோது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அக்கா வீட்டில் இல்லை. பக்கத்து அறைப் பையன்கள் ஏரிக்கரைப் பக்கம் போய்த் தேடிக் கூட்டி வந்தார்கள். அதோடு வேலையை விட்டார். காரணம் கேட்ட சூப்பர்வைசரிடம், எனக்கு ஞாபகம் சரியில்லை என்று சொல்லிவிட்டார். அக்காவைப் பற்றி வெளியே பேச்சு போகக்கூடாது என்பதற்காகச் சொன்னது. சர்ச்சில் யார் மூலமோ அது அக்கா காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டார். உப்பு டப்பா இடம் மாறினால் தம்பி, கேஸ் அணைந்திருந்தால் தம்பி.

"எனக்குத்தான் மறதின்னு நெனச்சிகினு கீறதாலதான்மா அது எழுந்து நடமாடுது. தம்பியப் பாத்துக்கணும்னு குளிக்குது, சமைக்குது. உனக்குத்தான் வந்துகீதுன்னு சொன்னா அன்னிக்கே படுத்துடும். நெனச்சிகினு போவட்டும். எனக்கு இன்னா கொறஞ்சு போச்சு."

அண்ணன் மகனிடம் சொல்லவில்லையா என்றேன். வயதாகிறதே என்று அவன் விசாரித்து வைத்திருக்கும் இல்லம் கன்னியாஸ்திரிகள் நடத்துவது, நல்ல இடம்தான், ஆனால் பெண்களுக்கு மட்டும் என்றார். ஆண்களுக்கு வேறு ஊரில் வேறு இல்லம். ராத்திரியில் அக்கா எழுந்து தாழ்ப்பாளைத் திறப்பதால், அவர் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுக்கிறாராம். பகலில் கண்ணை மூடினால் அடுப்பு நினைவு வந்துவிடுமாம். உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று எங்கள் கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் அதற்கு ஒன்றுமில்லை என்பார்கள், அல்லது எங்களால் முடியாத ஏதாவதைச் சொல்வார்கள். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"வாரத்துல ஒரு நாள், மத்தியானத்துல கொஞ்ச நேரம் ஆராவது அது பக்கத்துல குந்திகினு இருந்தா நான் தூங்குவேன். அவ்ளோதான்."

வாக்குக் கொடுக்காதே என்றார்கள். நான் கொடுக்கவில்லை. "இப்பவே படுங்க பெரியப்பா, நான் இருக்கேன்" என்றேன். நிஜமாகவா என்பதுபோல என்னைப் பார்த்தார். உள் அறைக்குப் போனார். பாயை விரிக்கும் சத்தம் கேட்டது, அடுத்த நிமிடமே குறட்டை.

அக்கா ஒரு முறம் நிறைய காய்ந்த மிளகாயைக் கொண்டுவந்து வைத்தார். இருவரும் காம்பு கிள்ளினோம். தம்பி பகலில் தூங்கினால் ராத்திரி தூங்க மாட்டான் என்று இடையிடையே எழுப்பப் போனார். நான் ஏதாவது கேட்டு உட்கார வைத்தேன். நான் யார் என்று மறுபடி மறுபடி கேட்டார். சர்ச்சிலிருந்து வந்தவள் என்று ஒரு முறையும், பக்கத்துத் தெரு என்று ஒரு முறையும் அவரே முடிவு செய்துகொண்டார். மிளகாய் நெடியில் கண் எரிந்தது. அது ஒரு விதத்தில் உதவிதான், இல்லாவிட்டால் நானும் சரிந்திருப்பேன். மிளகாய் தீரும் சமயத்தில், நான் கேட்காமலே ஒன்று சொன்னார். சிறு வயதில் கணவனை இழந்து, வெறும் கையோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தாலியறுத்த அக்கா இருக்கிற வீடு என்று இரண்டு இடம் தட்டிப்போனது. அதற்கப்புறம் தம்பி பெண் பார்க்கவே போகவில்லை.

"என்னாலதான் அவன் ஒண்டியா நின்னுட்டான். இப்பவாச்சும் நான் பாத்துக்கறேனே, அதுவே போதும்" என்றார்.

அதைச் சொல்லும்போது எல்லாம் தெளிவாக இருந்தது அவர் முகத்தில். பின்னொரு நாள் தம்பியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். வாட்ச்மேனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று சிரித்துவிட்டார்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்ததையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், இல்லத்தில் சேர்க்கலாம், மருந்துக்கு ஏற்பாடு செய்யலாம், எல்லாவற்றுக்கும் வழி உண்டு, ஒருவர் தூங்குவதற்காக இன்னொருவர் போய் உட்காருவதற்கு மட்டும் எந்தத் திட்டமும் கிடையாது என்றார். நானே போகிறேன் என்றேன்.

"நீ போயிட்டே இருப்ப, சரி. நீ போக முடியாத வாரம் அவர் என்ன பண்ணுவார்?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த எரிச்சல் அது. ஆஃப் நாட்களில் இரண்டு முறை போனேன். அவர் தூங்கினார், நான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் துணி மலையாகக் குவிந்தது. என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், அவருக்கும் ஷிப்ட்தான். ஊரார் வீட்டில் காவல் இருக்கிறாய், நம் பிள்ளை பக்கத்து வீட்டில் சோறு தின்கிறது என்று ஒரு தடவை சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. அடுத்த மாதம் கம்பெனியில் ஆர்டர் ஏறி, ஓவர்டைம் கட்டாயம் என்று ஆகிவிட்டது. நான் போக முடியாத வாரம் வந்தேவிட்டது.

அந்த வாரம் மேடம் எனக்குச் சொல்லாமலே அந்த வீட்டுக்குப் போயிருந்தார். பங்குத் தந்தையைப் பார்த்து, அந்தத் தெருவின் அன்பியப் பெண்களிடம் பேசியிருந்தார். அன்பியம் என்பது இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்து வீடு வீடாக ஜெபம் சொல்லும் குழு. முதலில் ஏழெட்டுப் பேர் ஜெபமாலையும் சுண்டலுமாக வந்தார்கள். அக்காவுக்கு ஒரே கொண்டாட்டம். அவர்கள் பாட்டுச் சத்தத்தில் தம்பியால் தூங்க முடியவில்லை. நாளாக ஆக ஆளுக்கொரு வேலை வந்தது. கடைசியில் ஒருவர் மட்டும் நின்றார், கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்து ஓய்ந்த பெண்மணி. அவருக்கு இரக்கம் அதிகம் என்றெல்லாம் சொல்ல முடியாது. மருமகளோடு மத்தியானத்தில் ஒரே வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வருகிறார், அதை அவரே என்னிடம் சொன்னார். வாரத்தில் இரண்டு மத்தியானம் வந்து கால் நீட்டி உட்கார்ந்து மருமகளைப் பற்றிப் பேசுகிறார். அக்காவுக்கு அந்தக் கதை ஒவ்வொரு தடவையும் புதுசு. தம்பி தூங்குகிறார்.

ஆஸ்பத்திரிக்கும் போனோம். தம்பிக்குச் சோதனை என்று சொல்லித்தான் அக்காவைக் கூட்டிப் போனது. டாக்டர் புரிந்துகொண்டு இருவரையும் பார்த்தார். நோயின் பெயரைத் தம்பியிடமும், அன்று ஆவடியிலிருந்து வந்திருந்த அண்ணன் மகனிடமும் சொன்னார். அந்த மனிதர் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, இவர்கள் இப்படியே இருக்கட்டும், இருக்கிற வரைக்கும் பார்ப்போம் என்றார். ஒருவரிடம் உண்மையை மறைத்துச் சிகிச்சைக்கு அழைத்துப் போவது முறையா என்று என் அறிக்கையைப் படித்த பேராசிரியர் ஓரத்தில் கேள்வி எழுதியிருந்தார். நியாயமான கேள்வி.

களப்பணி முடியும்போது, இனி வர மாட்டேன் என்று நேரில் சொல்லி விடைபெற வேண்டும். அதுவும் பாடத்தில் ஒரு பகுதி. போன மாதம் போனேன். அக்கா மெலிந்திருந்தார். சமையலை விட்டுவிட்டார், இப்போது தம்பிதான் சமைக்கிறார். சில சமயம் தம்பியை அப்பா என்று கூப்பிடுகிறாராம், அவரும் என்னம்மா என்று கேட்டுப் போகிறாராம். என் படிப்பு முடிகிறது, இனி இந்தப் பக்கம் வருவது கஷ்டம் என்றேன். அக்கா அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் எப்ப வருவ?" என்றார். தெரியலைம்மா என்றேன்.

தம்பி ரோடு வரைக்கும் கூட வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினார். எனக்கு பி ஷிப்ட், மத்தியானம்தான் தொடக்கம், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் ஏதோ சொல்ல நினைத்ததுபோலிருந்தது. வரிசை அறைகளைத் தாண்டுவதற்குள், அக்கா தனியாக இருந்த வீட்டை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை நின்றுவிட்டார்.

"நீ போம்மா" என்று சொல்லிவிட்டு, வயதுக்கு மீறிய வேகத்தில் திரும்பி நடந்தார்.